வால்வு சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஊருக்குப் போகும்போது

பிறவியிலேயே பழுதாக இருந்த இதய வால்வைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்துகொண்டு வெளிநாட்டில் வாழ்பவர்கள், இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருக்கும் ஊருக்குத் தாராளமாகப் போகலாம். நெஞ்சைத் திறந்து செய்திருந்தால், நெஞ்செலும்பு ஒட்டி உறுதிப்பட ஏறக்குறைய 3 மாதம் விட்டு, உங்கள் இதய மருத்துவரைக் கேட்டுப் பயணச்சீட்டு எடுங்கள். சிக்கல் பயணத்தில் இல்லை. வால்வுக்கு என்ன செய்தார்கள் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பதுதான் சிக்கல். பல வேளைகளில் செய்துகொண்டவருக்கே தெரிவதில்லை. "சின்ன வயசில நெஞ்சில ஒரு ஒப்பரேஷன், இப்ப சுகம்" என்பதை வைத்துக்கொண்டு நள்ளிரவில் அவசரப் பிரிவில் நிற்கும் மருத்துவர் எதையும் முடிவெடுக்க முடியாது.

உள்ளே என்ன இருக்கிறது?

மூன்று இதழ் இருக்கவேண்டிய பெருநாடி வால்வு இரண்டு இதழோடு அமைவது நூறு பேரில் ஒருவர் இருவருக்கு. தொய்ந்த இதழை மடித்துத் தைத்து அதைச் சரிசெய்வார்கள். அல்லது 1967இல் லண்டனில் டொனால்ட் ரொஸ் தொடங்கிய முறையில், நோயாளியின் சொந்த நுரையீரல் வால்வைப் பெருநாடியில் பொருத்தி, வெறுமையான இடத்தில் தானமாகக் கிடைத்த வால்வை வைப்பார்கள். எப்ஸ்டீன் என்னும் பிறவிக் கோளாறில் வலப்பக்க முக்கூர் வால்வின் இதழ் கீழிறங்கி இதயச் சுவரோடு ஒட்டிக்கிடக்கும். அதைப் பிரித்தெடுத்துக் கூம்பாகச் சுற்றித் தைப்பார்கள். டவுன் நிலையோடு (டவுன் சின்ட்ரோம்) பிறந்த பிள்ளைகள் சிலருக்கு இடப்பக்க வால்வில் இருக்கும் பிளவைத் தைத்து மூடுவார்கள். ஃபலோ என்னும் பிறவி இதயக் கோளாறுக்குக் குழந்தையில் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு, வளர்ந்தபின் நுரையீரல் வால்வு கசிந்து புது வால்வு தேவைப்படுவது சாதாரணம்.

புறப்பட ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே வளையம், செயற்கை நார், செயற்கை வால்வு ஏதாவது இருக்கிறதா? இன்னும் கசிவோ ஓட்டையோ மிச்சம் உண்டா? பெருநாடி வீங்கியிருக்கிறதா? பதிலை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: குறைபாட்டின் பெயர், சத்திரசிகிச்சை நடந்த திகதி, வால்வின் வகையும் மில்லிமீற்றர் அளவும், கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு, மருந்துகள், ஒவ்வாமை. வழமையான ஈ.சி.ஜி.யின் பிரதியும் வேண்டும். வலப்பக்க மின்னோட்டத் தடை ஃபலோ சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். பழைய பிரதி இல்லாவிட்டால் அதைப் புது மாற்றமென்று நினைக்க இடமுண்டு.

குளிசையின் நிறத்தை நம்பாதீர்கள்

இதழைத் தைத்து மட்டும் சரிசெய்தவர்கள் பெரும்பாலும் இரத்தம் உறையாமைக் குளிசை எடுப்பதில்லை. உலோக வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க எடுக்கவேண்டும். பிழை நடப்பது இங்கேதான். இந்தக் குளிசைகளில் ஒன்றான வார்ஃபரினை எடுங்கள்: இங்கிலாந்தில் இளஞ்சிவப்பு 5 மி.கி.; கனடாவில் இளஞ்சிவப்பு 1 மி.கி. நீலம் இங்கிலாந்தில் 3, கனடாவில் 4. லண்டன் சித்தியும் ரொறன்ரோ மாமாவும் ஒரே வீட்டில் தங்கி, தீர்ந்துபோன குளிசைக்கு மற்றவருடையதை நிறம் பார்த்து எடுத்தால் ஐந்து மடங்கு வித்தியாசம் வரும். எப்போதும் மி.கி. கணக்கைச் சொல்லுங்கள்.

ஜேர்மனியிலும் சுவிஸிலும் மார்குமார் என்னும் உறையாமைக் குளிசை எடுப்பவர்கள் இன்னும் கவனிக்கவேண்டும். அது வார்ஃபரினை விடப் பல நாள் கூடுதலாக உடம்பில் நிற்கும், அளவும் வேறு. இலங்கையில் வழக்கத்தில் இருப்பது வார்ஃபரின், தமிழ்நாட்டில் அசிட்ரோம் என்னும் இன்னொரு குளிசையும் அதிகம். ஒன்றுக்குப் பதில் மற்றதை அதே அளவில் எடுக்கவே முடியாது. தங்கும் நாளுக்கு மேல் 2 கிழமைக்கான குளிசையைக் கைப்பையில் கொண்டுபோங்கள். பெரிய பெட்டி தவறினாலும் மருந்து தவறாது.

இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண்ணின் இலக்கு உலோகப் பெருநாடி வால்வுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3, இருகூர் (மைட்ரல்) வால்வு இடத்தில் வைத்த உலோக வால்வுக்கு 2.5 முதல் 3.5; உங்கள் அட்டையில் எழுதியிருப்பதே உங்கள் கணக்கு. போய் ஒரு கிழமையில் ஒருதரம் பாருங்கள், திரும்பி வந்ததும் பாருங்கள். வீட்டில் பார்க்கும் கருவி கொண்டுபோனால் அதன் பரிசோதனைப் பட்டிகளை வெயிலில் நிற்கும் வாகனத்தில் விடாதீர்கள், சூட்டில் கெட்டுவிடும்.

ஊர்ச் சாப்பாடு இந்த எண்ணை இரண்டு பக்கமும் ஆட்டும். நாள் தவறாமல் முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் சாப்பிட்டால் எண் இறங்கும். கீரையை நிறுத்தத் தேவையில்லை, அளவு ஒரே சீராக இருந்தால் போதும். வயிற்றோட்டம் வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் எண் ஏறும்; அதற்குத் தரும் மெட்ரோனிடசோலும் சிப்ரோஃபுளொக்சசினும் இன்னும் ஏற்றும். அப்படியான மருந்து தொடங்கினால் 3, 4 நாளில் மறுபடி பாருங்கள். கசாயம், சூரணம் வேண்டாம். அவற்றில் என்ன எவ்வளவு இருக்கிறதென்று கணக்கிட வழியில்லை. நோவுக்கு டைக்ளோஃபெனக் ஊசி தசையில் போட வந்தால், வார்ஃபரின் எடுக்கிறேன் என்று சொல்லித் தடுங்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலை அடிபட்டால், நோவே இல்லாவிட்டாலும் ஸ்கேன் எடுக்கவேண்டும்.

காய்ச்சல் வந்தால்

இந்தப் பகுதியைக் கூட வருபவர்களும் வாசிக்கட்டும்.

ஊரில் காய்ச்சல் என்றதும் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக்கொடுப்பது வழக்கம். வால்வு சரிசெய்தவருக்கு அது ஆபத்து. கிருமி வால்வில் குடியேறியிருந்தால், இரண்டு நாள் அமொக்சிசிலின் அதைக் கொல்லாது, மறைக்கும். காய்ச்சல் இறங்கும், இரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை வெறுமையாக வரும், எந்தக் கிருமி என்று தெரியாமலே கிழமைக்கணக்கில் மருந்து ஏற்றவேண்டியிருக்கும். அதற்கிடையில் தைத்த இதழ் அரிக்கப்பட்டுவிடும். ஆகவே 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்து காரணம் தெரியாவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை இரத்தம் எடுத்த பிறகுதான் முதல் அன்டிபயோட்டிக். ஆள் மோசமான நிலையில் இருந்தால் இரத்தம் எடுத்த கையோடு மருந்து தொடங்குவார்கள், அது சரி.

ஐப்பசி முதல் தை வரை வடக்கில் டெங்குக் காலம். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் குறையும்போது வார்ஃபரினும் உடம்பில் இருந்தால் இரத்தக்கசிவு வரும். நிறுத்தினால் உலோக வால்வில் கட்டி உறையும். அதைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை வீட்டில் முடிவெடுக்காதீர்கள், அன்றே வைத்தியசாலை. காய்ச்சலுக்கு பனடோல் மட்டும், ஐபுப்ரோஃபென் கூடாது. அஸ்பிரின் ஏற்கெனவே எடுப்பவர்கள் அதையும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். இலங்கையில் இலவச அம்புலன்ஸ் 1990, தமிழ்நாட்டில் 108.

பல்லும் நேர்த்தியும்

"ஊரில் மலிவு" என்று பல்லு வேலையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம், போகமுன் முடியுங்கள். செயற்கை வால்வோ வளையமோ உள்ளவர்கள், முன்பு வால்வில் கிருமி தொற்றியவர்கள் அங்கே பல்லுப் பிடுங்கவோ முரசு சுத்தம் செய்யவோ நேர்ந்தால், 30 முதல் 60 நிமிடம் முன் அமொக்சிசிலின் 2 கிராம், அதாவது 500 மி.கி. குளிசை நான்கு, ஒரேதரம். பிள்ளைக்குக் கிலோவுக்கு 50 மி.கி.; 20 கிலோ பிள்ளைக்கு 1 கிராம். பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் மாற்று மருந்தைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தின் வழிகாட்டல் இதை எல்லோருக்கும் வழமையாகக் கொடுக்கச் சொல்வதில்லை. ஆகவே அங்கிருந்து போவோர் தங்கள் மருத்துவரை நேரே கேட்கவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போவோர் நேர்த்திக்கடனைப் பற்றி முன்பே யோசியுங்கள். முதுகில் செடில் குத்துவதும் அலகு குத்துவதும் கிருமி உள்ளே போகும் வாசல். வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தமும் நிற்காது. பால்காவடி எடுக்கலாம், அடியழிக்கலாம் (அடிக்கு அடி விழுந்து கும்பிடலாம்). செயற்கை வால்வு வைத்த பிள்ளைக்குக் காது குத்துவதை மருத்துவரிடம் கேட்காமல் வைக்காதீர்கள். மேலாடை கழற்றி நிற்கும் ஆண்களின் தழும்பு ஒரு வருடத்துக்குள் ஏற்பட்டதென்றால் சால்வையால் மூடுங்கள், வெயிலில் கறுத்துவிடும். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் வேண்டாம். பெருநாடி வீங்கியவர்கள் கிணற்றில் வாளி இழுப்பதையும் அரிசி மூட்டை தூக்குவதையும் விடுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ திடீரென்று கிழிப்பதுபோல் வலித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது.

இரண்டு இதழ் வால்வு குடும்பத்தில் வரக்கூடியது. உங்களுக்கு அது இருந்தால் ஊரில் இருக்கும் அம்மா, அப்பா, அக்கா, தம்பிக்கும் எக்கோ எடுக்கவேண்டும். பலர் ஐம்பது வயது வரை தெரியாமலே இருப்பார்கள். நீங்கள் நிற்கும் நாட்களிலேயே அவர்களைக் கூட்டிப்போய், உங்கள் கடிதத்தையும் காட்டிப் பார்த்துவிடுங்கள்.