புது விசுவாசியோடு உட்கார்ந்து மாற்கு வாசிப்பது எப்படி?

முதலில் ஒரே ஒருவரைப் பிடியுங்கள், பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் அது இன்னொரு கூட்டமாகத்தான் முடியும். பைபிளில் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள். வாரத்துக்கு ஒன்று என்றால் நான்கு மாதம். நேரத்தை அவரே சொல்லட்டும். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவருக்கு ராத்திரிதான் ஒழியும், ஏற்காட்டில் காப்பி பறிக்கிற மாதங்களில் எஸ்டேட் ஆட்கள் களைத்து வருவார்கள், அவர்களை உட்காரவைத்துப் பிரசங்கம் பண்ணாதீர்கள், அரை மணி நேரம் போதும்.

அவரே சத்தமாக வாசிக்கட்டும். அப்புறம் இரண்டே கேள்வி: இயேசு இங்கே என்ன செய்தார், இந்த வாரம் நான் என்ன செய்யணும்? பதில் கையில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்: வெள்ளி எடையில் நேர்மை, வாங்கின கடனைத் திருப்புவது, பேசாமல் இருக்கும் அண்ணனிடம் போய்ப் பேசுவது. "ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்" என்பதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த வாரம் மறக்காமல் விசாரியுங்கள், உங்கள் வாரம் எப்படிப் போனது என்றும் சொல்லுங்கள்.

வீட்டில் வேறு சாமி கும்பிடுகிறார்களா? சரி, அம்மா அப்பாவோடு சண்டைக்குத் தூண்டிவிடாதீர்கள்.

கற்றதை மற்றவர்களுக்குப் போதிக்கக்கூடியவர்களிடம் ஒப்புவி என்றுதான் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (2 தீமோத்தேயு 2:2). அதனால் பத்தாம் அதிகாரம் தாண்டியதும் அவரும் ஒருவரைத் தேடட்டும். அங்கே நீங்கள் போய் உட்காராதீர்கள்.