குறிப்பெடுக்கும் வேலை ஏன் எனக்கே?

மீட்டிங் குறிப்பு எழுதுவது, புதியவர்களுக்கு வேலை பழக்குவது, பிறந்தநாளுக்குப் பணம் வசூலிப்பது எல்லாம் என் தலையில்தான் விழுந்தன. பதவி உயர்வு என்று வரும்போது இவற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மறுத்தால் 'ஒத்துழைக்காதவள்' என்ற பெயர் வேறு. அதனால் மறுக்கவில்லை, ஆண்களையும் சேர்த்து, அகரவரிசையில் ஒரு சுழற்சிப் பட்டியல் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். ஆட்சேபிக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை!

இன்னொரு தொல்லை: நான் சொன்ன யோசனை சற்று நேரத்தில் வேறொருவர் சொன்னதாகத் திரும்பி வரும். ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகைப் பெண் ஊழியர்கள் கையாண்ட உத்தி இதற்குக் கைகொடுத்தது. ஒரு பெண் சொன்னதை இன்னொருவர் அவர் பெயரோடு மறுபடி எடுத்துச் சொல்வார், அவ்வளவுதான். தோழி ஒருத்தியோடு பேசிவைத்துக்கொண்டு நானும் அப்படியே செய்தேன். இப்போது யோசனைகள் சொன்னவர் பெயரோடுதான் பதிவாகின்றன.