எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்குதான்

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் இளம் மருத்துவர்கள், மணிக்கட்டில் அடிபட்டவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பல் கூசுகிறது. நானும் சொன்னவன்தான்.

சுத்தமான படத்தை நம்புவது

சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பட்டறை வேலை, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர். ஏணியிலிருந்து வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருந்தார். வீக்கம் கொஞ்சம்தான், விரல்களை மடக்கிக் காட்டினார், படத்திலும் கோடு இல்லை. "சுளுக்குதான், அண்ணா" என்று சொல்லி, வலி மாத்திரையும் இரண்டு நாள் மருத்துவ விடுப்பும் கொடுத்து அனுப்பினேன்.

நான்கு மாதம் கழித்து வந்தார். "ஸ்பேனரைப் பிடித்து இறுக்க முடியவில்லை, டாக்டர்." மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்காஃபாய்டு என்ற சிறு எலும்பு ஒட்டாமல் இரண்டு துண்டாகக் கிடந்தது. இடுப்பெலும்பிலிருந்து துண்டெடுத்து வைத்துத் திருகாணி போட வேண்டியதாயிற்று.

இந்த எலும்புக்குப் பெரும்பாலான ரத்தம் விரல் பக்கமாக நுழைந்து முழங்கை பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. நடுவில் உடைந்தால் பின்துண்டு பட்டினி கிடக்கும், செத்தும் போகலாம். உடைந்த அன்றே விரிசல் படத்தில் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழும். உடற்கூற்றியலிலேயே அதன் பெயர் மூக்குப்பொடிக் குழி. பொடி போடுகிற தாத்தாக்களுக்கு நன்றாகவே தெரிந்த இடம். அங்கே அழுத்துங்கள். நல்ல கையிலும் சற்று வலிக்கும், ஆகவே இரண்டையும் ஒப்பிடுங்கள். கட்டைவிரலை நீளவாக்கில் மணிக்கட்டை நோக்கித் தள்ளியும் பாருங்கள். வலித்தால், படம் என்ன சொன்னாலும் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுங்கள். எம்ஆர்ஐ கிடைத்தால் காத்திருக்கவே வேண்டாம்.

எக்ஸ்ரே படிவத்தில் வெறுமனே 'மணிக்கட்டு' என்று எழுதுவதுதான் இன்னும் எரிச்சல். ஸ்காஃபாய்டுக்கான தனிக் கோணங்களைக் கேட்டால்தானே எடுத்துத் தருவார்கள்?

வளைந்த மணிக்கட்டு

முள்கரண்டி போல் வளைந்த கையை யாரும் தவறவிடுவதில்லை. எக்ஸ்ரே பிறப்பதற்கு வெகுமுன், 1814-லேயே, அயர்லாந்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலஸ் அந்த முறிவை எழுதிவிட்டார்.

குத்துவிட்ட கை

"கதவில் இடித்துக்கொண்டேன்" என்பார்கள். சுண்டுவிரல் பக்கத்து முட்டி தட்டையாக இருந்தால் விரல்களை மடக்கச் சொல்லுங்கள். சுண்டுவிரல் தன் பக்கத்து விரல்மேல் ஏறினால் எலும்பு திருகியிருக்கிறது. முட்டியில் சிறு கீறல் இருந்தால், பல் பட்டதா என்று கேளுங்கள். மனிதக் கடி மூட்டுக்குள் சீழ் வைத்துவிடும்.

பக்கவாட்டுப் படம்

பார்க்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். மணிக்கட்டின் நடுவில் இருக்கும் லூனேட் என்ற சிறு எலும்பு இடம் நழுவியிருப்பது அதில்தான் பளிச்சென்று தெரியும்.

மோதிரம்

வீங்கும் முன் கழற்றுங்கள்.