உறைந்த திசுவை அவசரப்படுத்தாதீர்கள்

போன வாரம், தானமாக வந்த தமனிகளை உறைய வைத்துக் காக்கும் எங்கள் திசு வங்கியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, நைட்ரஜன் தொட்டியிலிருந்து எடுத்த பையை நேராக 37 டிகிரி வெந்நீருக்குக் கொண்டுபோனாள். "நில்லும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டாள். உள்ளே இருந்தது புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் (இறைச்சிக்கூடத்தில்) வாங்கிய ஆட்டுப் பெருந்தமனிதான் (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்), பயிற்சிக்கு. ஆனால் நான் முன்பு இதே தவறைச் செய்தபோது பையில் இருந்தது மனிதத் திசு. உறைந்த திசுவில், குறிப்பாக மூச்சுக்குழாய்க்கு வைக்கும் தமனியில், நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மூச்சுக்குழாய்க்கு மூச்சுக்குழாயே வேண்டும் என்று நினைப்பது

மூச்சுக்குழாய்க்கு ரத்தம் கொண்டுவருபவை பல சிறு கிளைகள். எடுத்து இணைக்க ஒரு பெரிய நாளம் கிடையாது, ஆகவே தானமாக வந்த மூச்சுக்குழாயை வைத்தால் அதற்கு ரத்தம் கிடைக்கச் செய்வது கடினம். அதனால்தான் பாரிஸில் இமானுவேல் மார்ட்டினோ குழுவினர் உறைய வைத்த பெருந்தமனியை எடுத்துக்கொண்டார்கள். 2018-இல் வெளியான அவர்கள் ஆய்வில் 13 பேருக்கு அதை வைத்தார்கள். ரத்த வகை பொருத்தம் பார்க்கவில்லை. ஏறக்குறைய நான்கு ஆண்டு கண்காணிப்பில் 10 பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் 8 பேர், குழாயை உள்ளிருந்து தாங்கும் ஸ்டென்ட்டை எடுத்த பிறகும் இயல்பாக மூச்சு விட்டார்கள். தமனிக்குள் புதிதாகக் குருத்தெலும்பு வளர்ந்திருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தொட்டியிலிருந்து நேராக வெந்நீருக்கு

"பழைய லேப்ல இப்படித்தான் மேடம் போடுவோம்" என்றாள் அந்தப் பெண். அங்கே இருந்தது மைனஸ் 80 ஃப்ரீசர். பாரிஸ் திசுவும் மைனஸ் 80-இல் வைத்ததுதான். எங்கள் பைகள் இருப்பது திரவ நைட்ரஜனின் ஆவியில், மைனஸ் 150-க்கும் கீழே. எண்ணில் சிறிய வித்தியாசமாகத் தெரியும், பொருளில் அப்படியல்ல. ஏறத்தாழ மைனஸ் 120-க்குக் கீழே, டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்களைக் காக்கச் சேர்க்கும் திரவம்) கலந்த நீர் கண்ணாடியாகி நிற்கிறது. அந்த நிலையில் வெந்நீரில் போட்டால் வெளிப்புறம் விரியும், உட்புறம் விரியாது. கொதிக்கும் காபியை ஊற்றிய கண்ணாடி டம்ளர் போலத் தமனி விரிசல் விடும்.

நான் அந்தத் தவறைச் செய்த அன்று, இதய அறுவை சிகிச்சைக்காகத் தியேட்டரிலிருந்து மூன்றாவது போன். "எவ்வளவு நேரம்மா?" நான் பையை அப்படியே வெந்நீரில் அமிழ்த்தினேன். வெளியே எடுத்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. தையல் போடுமுன் டாக்டர் சலைன் ஊற்றிப் பார்த்தார். நீளவாக்கில் முடியளவு கோடு ஒன்றில் நீர் கசிந்தது. இன்னொரு பை இருந்ததால் நோயாளி பிழைத்தார். மகனை விபத்தில் இழந்த அன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு குடும்பத்தின் தானம் மட்டும் குப்பைக்குப் போனது. அந்தப் பையின் எண் இன்றும் எனக்கு மனப்பாடம்.

இதற்கான விடை புதிதல்ல. டேவிட் பெக் குழுவினர் 1997-லேயே முயலின் கழுத்துத் தமனியில் காட்டிவிட்டார்கள். மைனஸ் 100 தாண்டும்வரை மெதுவாக, அதன்பிறகு வேகமாக. முதல் பாதியில் அவசரப்பட்டால் விரிசல். இரண்டாம் பாதியில் தாமதித்தால் பனிப் படிகங்கள் மறுபடி வளர்ந்து செல்களைக் கிழிக்கும். ஆகவே பையைக் கையில் எடுத்ததும் முதல் கேள்வி, எந்த வெப்பநிலையில் இருந்தது என்பதாக இருக்கட்டும். தியேட்டரில் காத்திருப்பவர் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும், "இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் சார்" என்று சொல்லுங்கள். மூச்சுப் பாதையில் வைக்கும் தமனியில் விரிசல் என்றால், காற்றும் கிருமியும் இதயத்தைச் சுற்றிய இடத்துக்குள் இறங்கும்.

டிஎம்எஸ்ஓ-வை ஒரே தடவையில் கழுவுவது

அதன் செறிவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இல்லையென்றால் செல்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும்.

உருகியதை மறுபடி உறைய வைப்பது

கூடாது.

ஸ்டென்ட் இல்லாமல் திட்டமிடுவது

பெருந்தமனி துவளும் குழாய். மூச்சை இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். குருத்தெலும்பு வளர மாதங்கள் ஆகும், அதுவரை உள்ளே தாங்குவது ஸ்டென்ட்தான்.

நேராகத் தைக்க முடிந்த இடத்தில் திசு கேட்பது

பூச்சிமருந்து குடித்து, வெண்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்து பிழைத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாயின் கஃப் (நுனியில் காற்றடைத்த பலூன்) அழுத்தம் 30 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டினால் உட்சவ்வுக்கு ரத்தம் நின்று, பின்னால் தழும்பு சுருங்கும். ஆஸ்துமா என்று பஃப் கொடுத்து அனுப்பப்பட்டவர்களும் உண்டு. அந்தச் சுருக்கம் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். பெரியவர்களின் மூச்சுக்குழாய் சுமார் 11 சென்டிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதிவரை வெட்டி இரு முனைகளையும் சேர்த்துத் தைக்க முடியும். திசு கேட்டு போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "எத்தனை சென்டிமீட்டர் சார்?"