கோள் பார்க்கவும் படம் எடுக்கவும் ஒரே டெலஸ்கோப்: வடசென்னை மாடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டெலஸ்கோப் வாங்கிய தம்பிகள் அவ்வப்போது என்னை மாடிக்குக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலும் எட்டு அங்குல ஷ்மிட்-காசெக்ரெய்ன், அதாவது முன்னால் கண்ணாடியும் உள்ளே ஆடிகளும் வைத்த குட்டைக் குழாய். கண்ணால் பார்க்க வேண்டும், வியாழனையும் சனியையும் படமும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் அது பொருத்தமான கருவிதான். ஆனால் அதை நிறுத்துவதிலும் பாதுகாப்பதிலும் நான் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளைத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். அவர்கள் படிக்கும் வழிகாட்டிகளை எழுதியவர்கள் 40, 50 பாகை அட்சரேகையில், குளிர்ந்த ஊர்களில் இருப்பவர்கள். நாம் இருப்பது 13 பாகையில், கடலோரத்தில். மூடியைக் கழற்ற மறப்பது, ஃபைண்டரை, அதாவது குறிபார்க்கும் சின்னக் குழாயை, சரிசெய்யாமல் தேடுவது எல்லாம் இரண்டொரு இரவில் தானே திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

துருவ நட்சத்திரத்தைத் தேடி இரவைத் தொலைப்பது

படம் எடுப்பதென்றால் ஈக்வடோரியல் மவுண்ட் இருந்தே தீர வேண்டும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தாங்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து நிறுத்த வேண்டும். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். தண்டையார்பேட்டை மாடியிலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால் எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்க், அதைத் தாண்டினால் மணலி, எண்ணூர் பக்கத்துப் புகையும் வெளிச்சமும். போதாக்குறைக்கு, சில மவுண்ட்களில் இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எடைக்கல் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும்.

கோள்களுக்கு அந்த அளவு துல்லியம் தேவையே இல்லை. நாம் எடுப்பது இரண்டு மூன்று நிமிட வீடியோ. அதிலிருந்து நல்ல ஃபிரேம்களைப் பொறுக்கி அடுக்குகிறோம். மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பித் தானே கோளைத் தொடரும் ஆல்ட்-அஸிமத் மவுண்டே போதும். ஈக்வடோரியல் ஏற்கெனவே கையில் இருந்தால் காம்பஸை வைத்து வடக்கே திருப்புங்கள், மொபைலில் கோணம் பார்த்து 13 பாகைக்குச் சாயுங்கள். சென்னையில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் மிகக் குறைவு.

ஏ.சி. அறையிலிருந்து நேராக மாடிக்கு

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். இதில் போகும் பணம் திரும்ப வராது.

குளிர் நாட்டு வழிகாட்டிகளில் டெலஸ்கோப் வீட்டுச் சூட்டில் இருக்கும், வெளியே குளிரும், ஆகவே ஒரு மணி நேரம் ஆற விடு என்று எழுதியிருக்கும். இங்கே தலைகீழ். விலை உயர்ந்த பொருள் என்பதால் வீட்டிலேயே நல்ல அறையில், அதாவது ஏ.சி. ஓடும் படுக்கையறையில் வைக்கிறார்கள். அறை 22 டிகிரி. மாடியில் 27 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வையுங்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் அப்போது நீர் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பது போலத்தான். மூடியைத் திறந்ததுமே முகப்புக் கண்ணாடி வெளுத்துவிடும். ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்), டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் ஆடி), கேமரா சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இதே கதி.

இதுவரை நட்டம் ஒன்றுமில்லை. பொறுத்திருந்தால் கண்ணாடி சூடேறித் தானே காயும். கேடு வருவது துணியை எடுக்கும்போது.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டார். "அண்ணே, வியாழன் மங்கலாவே வருது, கொலிமேஷன் போயிடுச்சு போல." கொலிமேஷன் என்றால் உள்ளே இருக்கும் ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பது. போய் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். முகப்புக் கண்ணாடி முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். பனி பூத்த ஒவ்வொரு இரவும் பனியன் துணியால் துடைத்திருக்கிறார். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண்தூசி நாள் முழுக்கப் படிகிறது. அந்தத் துகள்களை ஈரத்தோடு சேர்த்துத் தேய்த்தால் கோட்டிங் என்ன ஆகும்?

அதோடு முடியவில்லை. துடைத்த பிறகும் மிச்ச ஈரத்தோடு மூடியைப் போட்டுப் பையில் வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை, டெலஸ்கோப் வெளியே வரவே இல்லை. தை மாதம் திறந்தால் கண்ணாடியின் உட்புறத்தில் நூல் நூலாக ஃபங்கஸ். கேமரா பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் முகப்புக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார். எந்தக் கோணத்தில் இருந்தது என்று அடையாளம் போட்டு வைக்கவில்லை. அந்தக் கண்ணாடி வெறும் மூடி அல்ல, ஒளியைத் திருத்தும் கரெக்டர். உள்ளே இருக்கும் ஆடிகளோடு சேர்த்துப் பொருத்திய கோணத்திலேயே, சுற்றிலும் வைத்த சின்னத் தக்கைகள் இடம் மாறாமல், திரும்ப உட்கார வேண்டும். இப்போது கொலிமேஷன் திருகை எவ்வளவு திருப்பினாலும் நட்சத்திரம் வட்டமாக வரவில்லை. கடைசியில் வாங்கிய விலையில் பாதிகூடக் கிடைக்காமல் விற்றார். பெற்றோரிடம் கேட்டு வாங்கிய பணம் அது.

ஆகவே டெலஸ்கோப்பை ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். ஹாலின் மூலை போதும். பொழுது சாயும்போதே மூடியோடு மாடிக்குக் கொண்டுபோய் விடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். கேமராவும் ஐபீஸ் பெட்டியும் அதே நேரத்தில் போகட்டும். மார்கழி, தை இரவுகளில் ஏ.சி. இல்லாவிட்டாலும் பனி பூக்கும். தெளிந்த வானத்தைப் பார்த்து நிற்கும் கண்ணாடி சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதற்குக் குழாய் முனையில் ஒரு உறை வேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஓரடி நீளத்தில் கறுப்பு ஃபோம் பாயைச் சுருட்டிக் கட்டினாலே பாதி இரவு தாங்கும். முழு இரவுக்கு 12 வோல்ட் ஹீட்டர் பட்டை. அதையும் மீறிப் பூத்தால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஓரடி தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். துணி வேண்டவே வேண்டாம்.

இரவு முடிந்து கீழே இறக்கியதும் உடனே மூடாதீர்கள். குழாயைப் படுக்கவைத்து, ஃபேன் காற்றில் முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடி. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும். மழைக்காலத்தில் பார்க்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

வெளிச்ச மாசு

கோள்களுக்கு அது பொருட்டே இல்லை.

நேர் உச்சியில் படம் எடுப்பது

"கோள்கள் தெற்கே உச்சம் தொடும்" என்று படித்துவிட்டுத் தெற்குப் பக்கம் இடம் பார்த்து முக்காலியை நிறுத்துகிறார்கள். 2026 ஜனவரியில் வியாழன் நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 81 பாகை உயரத்தில், அதுவும் உச்சிக்குச் சற்று வடக்கே கடந்தது. இது நமக்குக் கிடைத்த வரம். 2018-இல் சனி லண்டனில் 16 பாகை ஏறவே சிரமப்பட்டபோது நமக்கு 54 பாகையில் நின்றது.

ஆனால் குழாயைக் கையால் ஏந்தி நிற்கும் ஃபோர்க் மவுண்டில் நேர் உச்சிக்குத் திருப்பினால் பார்லோவும் (உருவத்தைப் பெரிதாக்கும் லென்ஸ்) கேமராவும் சேர்ந்த நீளம் அடித்தட்டில் போய் இடிக்கும். மோட்டாரும் கோளைத் தொடரத் திணறும், படமும் வேகமாகச் சுழலும். 60 முதல் 70 பாகைக்குள் இருக்கும்போது எடுங்கள். அங்கிருந்து உச்சி வரை போவதால் காற்றின் தடிமனில் மிச்சமாவது ஏறத்தாழ 6 முதல் 13 சதவீதம்தான். ஐபீஸில் பார்ப்பவர்கள் உச்சியிலும் பார்க்கலாம், டயகனல் குட்டையானது.

ஏ.டி.சி. பட்டகம்

காற்று கோளின் நிறங்களைப் பிரித்துக் காட்டுவதைத் திருத்தும் பட்டகம் இது. இங்கே அவசரமில்லை. அடிவானத்தை ஒட்டிய கோள்களுக்குத்தான் அது உயிர்.

பெரிய பார்லோ, பெரிய வியாழன்

எஃப் விகிதம் என்பது குவிதூரத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்த எண். எஃப்/10 குழாயில் 3 மடங்கு பார்லோ போட்டால் எஃப்/30. வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். வியாழன் பெரிதாகத் தெரியும், விவரம் கூடாது. கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்குங்கள். வரும் எண்ணை ஒட்டி எஃப் விகிதம் இருந்தால் போதும். 2.9 மைக்ரானுக்கு 14.5, 3.75-க்கு ஏறத்தாழ 19. பின்னதற்கு 2 மடங்கு பார்லோ சரியாக அமையும். முன்னதற்கு 1.5 மடங்கு நல்லது. கண்ணுக்கும் இதே நிதானம் வேண்டும். 25 மி.மீ. ஐபீஸில் 81 மடங்கு, 10 மி.மீ.-இல் 203 மடங்கு. நம் காற்றில் பல இரவுகளில் 203-க்கு மேல் போவதில் பயனில்லை.

சூரியன்

குழாயின் முன்பக்கம் முழுவதையும் மூடும் ஃபில்டர் இல்லாமல் அந்தப் பக்கம் திருப்பாதீர்கள். ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டரைக் குப்பையில் போடுங்கள், அது வெயிலில் வெடிக்கும்.

தளம்

ராயபுரத்துப் பழைய வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம் இன்னும் இருக்கிறது. அதன் நடுவில் முக்காலியை வைத்தால் யார் நடந்தாலும் வியாழன் ஆடும். கீழே சுவர் ஓடும் கோட்டின் மேல் கால்களை ஊன்றுங்கள். கான்கிரீட் மாடி ஆடாது, ஆனால் பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கும். மாலையிலேயே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுவது உதவும். ஏ.சி. வெளி யூனிட் ஊதும் சூட்டுக்கு மேலாகக் கோளைப் பார்க்காதீர்கள், எதிர்வீட்டு யூனிட்டாக இருந்தாலும்.

ஐபீஸும் கேமராவும் மாறி மாறி

டெலஸ்கோப் மாடிக்கு வந்தால் தெருப் பிள்ளைகளும் வருவார்கள், வரட்டும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவைக் கழற்றி ஐபீஸ் மாட்டினால் இரண்டு வேலையும் கெடும். ஃபோகஸ் நகரும். கேமராவின் சின்ன சென்சாரில் கோளை மறுபடி பிடிக்கவே நேரம் போய்விடும். முன்னிரவை அவர்களுக்கு ஒதுக்குங்கள், அதற்குள் குழாயும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வந்திருக்கும். கூட்டம் கலைந்ததும் ஒரு நட்சத்திரத்தில் கொலிமேஷன் பாருங்கள், கோளை 10 மி.மீ. ஐபீஸின் நட்டநடுவில் கொண்டுவந்து ஃபைண்டரையும் அதற்கே மறுபடி பொருத்துங்கள். பிறகு கேமராவை மாட்டினால் விடியும்வரை கழற்ற வேண்டாம். இரவு முழுக்க இரண்டும் வேண்டும் என்பவர்கள் ஒளியை ஐபீஸுக்கும் கேமராவுக்கும் மாற்றிவிடும் ஃபிளிப் மிரர் வாங்கலாம், அதற்கும் உச்சியில் அடித்தட்டு இடிக்குமா என்று பகலிலேயே குழாயை நிமிர்த்திப் பார்த்துவிடுங்கள்.