வெங்காயச் செடிக்கு முருங்கை இலைச் சாறு தெளிப்பது எப்படி?

வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பகுதிதான். காய் திரளத் தொடங்கும் நாளில் செடியில் எத்தனை தாள்கள் இருக்கின்றன, அவை எவ்வளவு தடித்திருக்கின்றன என்பதே காயின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆகவே சாறு தெளிப்பதென்றால் தாள் வளரும் பருவத்தில் தெளிக்க வேண்டும். காய் பருக்கவில்லையே என்று கவலைப்பட்டுக் கடைசியில் தெளிப்பது வீண் வேலை.

முருங்கை இளந்தளிரில் சியாட்டின் என்ற வளர்ச்சி ஊக்கி உண்டு. செல்கள் பிரிவதைத் தூண்டும். தாள் சீக்கிரம் பழுத்துவிடாமல் பச்சையாக வைத்திருக்கும். இது உரமல்ல. மண்ணில் தொழு உரம் இல்லாமல் சாற்றை மட்டும் நம்பினால் ஏமாற்றந்தான்.

1. சாறு எடுத்தல்
முற்றிய இலை வேண்டாம்; நுனித் தளிரும் இளம் இலையும் 200 கிராம் போதும். முதல் நாள் இரவே உறைபெட்டியில் வைத்துவிட்டால் செல்கள் உடைந்து, மறுநாள் சாறு எளிதாக இறங்கும். அரைபடும் அளவுக்கு மட்டும் நீர் தெளித்து மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழியுங்கள். பிறகு இன்னொரு முறை மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். முதல் முறை நான் இதைச் செய்யாமல் விட்டேன். பாதித் தெளிப்பில் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொண்டது. குண்டூசியோடு அரை மணி நேரம் போராடினேன்.

2. கலத்தல்
ஒரு பங்கு சாற்றுக்கு 30 பங்கு நீர், அதாவது லிட்டருக்குச் சுமார் 33 மில்லி. கெட்டியாக இருந்தால் பலன் கூடும் என்று நினைக்காதீர்கள். வளர்ச்சி ஊக்கி அளவு மீறினால் வளர்ச்சியைத் தடுக்கவும் செய்யும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். நாற்றம் வந்துவிட்டால் எருக்குழியில் ஊற்றலாம்.

3. ஒட்டவைத்தல்
பலரும் கோட்டை விடும் இடம் இதுதான். வெங்காயத் தாள் குழல்போல நிமிர்ந்து நிற்கும். மேலே மெழுகுப் பூச்சு வேறு. வெறும் சாற்றைத் தெளித்தால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு மண்ணில் விழும். லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி மென்மையான சோப்புக் கரைசலோ பூந்திக்கொட்டை ஊறிய நீரோ சேருங்கள். ஒரு தாளில் தெளித்து உற்றுப் பாருங்கள்: முத்து முத்தாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவினால் சரி. சோப்பு அதிகமானால் மெழுகு கரைந்து தாள் கருகும்.

4. தெளித்தல்
நாற்று நட்டு வேர் பிடித்த பின், 20ஆம் நாள் வாக்கில் முதல் தெளிப்பு. இரண்டு வார இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. வெயில் தாழ்ந்த மாலையே நல்லது. தாளின் நுனி வெளுத்து வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் அது இலைப்பேன். அதற்கு இந்தச் சாறு மருந்தாகாது.

அடித்தண்டு பருத்துக் காய் திரளத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு வரிசைக்கு மட்டும், அதே சோப்புக் கரைசல் சேர்த்த வெறும் நீரைத் தெளித்து வாருங்கள். தாள்கள் கழுத்தில் மடிந்து சாய்ந்ததும் பிடுங்கி, இரு வரிசைகளிலும் பத்துப் பத்துக் காய்களை எடைபோட்டால் உங்கள் மண்ணில் சாறு வேலை செய்ததா என்பது தெரிந்துவிடும்.