ஊர்க் கிணற்றைச் சோதிக்கப் போகிறவர்களுக்கு

கைக்குழந்தையோடு யாழ்ப்பாணம் போகிறீர்கள் என்றால், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை முதல் கிழமையே சோதித்துவிடுங்கள். நான் மூன்றாவது கிழமைதான் தொடங்கினேன்.

தண்ணீரைப் பழைய சோடாப் போத்தலில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. கிருமி பார்க்கக் கிருமி நீக்கிய போத்தல் வேண்டுமாம். அதை முதலில் அவர்களிடமே வாங்கவேண்டும், தண்ணீரை அள்ளி ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுக்கவேண்டும். முதல்நாள் தொலைபேசியில் கேட்டபோது இதில் ஒன்றையும் சொல்லவில்லை. சரி, போத்தலை வாங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, பூட்டு. அடுத்தது வெள்ளி. மலத்திலிருந்து வரும் கிருமியான இ.கோலியை வளர்த்துப் பார்க்க 24 முதல் 48 மணி நேரம் செல்லும், சனி ஞாயிறு ஆளில்லை, திங்கள் வாருங்கள் என்றார். மச்சானின் மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்து வந்த ஐஸ் பெட்டி ஒழுகி என் காற்சட்டை நனைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "வெளிநாடோ?" என்று ஒரு கேள்வி வேறு. அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

ஆகவே கிழமை தொடக்கத்தில், காலையிலேயே போங்கள். குழாயில் பிடிப்பதானால் இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள், போத்தல் வாயில் விரல் படவேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று என்ற உப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேனா மாதிரி மீட்டரை நம்பிப் போகாதீர்கள். கரைந்த உப்பு எவ்வளவு என்றுதான் அது காட்டும், கிருமியைக் காட்டாது.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் அவமானம். "உன்ர அப்பா குடிச்ச தண்ணி, உனக்கு இப்ப நஞ்சோ? கொதிக்க வைச்சுத்தானே பிள்ளைக்குக் குடுக்கிறம்?" கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்தால், இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். இலங்கையின் எஸ்எல்எஸ் 614 குடிநீர்த் தரமும் உலக சுகாதார நிறுவனமும் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இ.கோலி அறவே இருக்கக்கூடாது.

எங்கள் கிணற்றில் இரண்டுமே தவறியிருந்தன. கீழே சுண்ணாம்புக்கல். வெங்காயத் தோட்டத்து உரமானாலும் மலக்குழி நீரானாலும் வெடிப்புகள் வழியே இறங்கிவிடும். பெரியம்மா கண்ணாடி போட்டு அறிக்கையை வாசித்தார். "உரம்தான்," என்றார். நான் கிணற்றுக் கட்டிலிருந்து புதுக் கக்கூஸ் குழிவரை நடந்து பார்த்தேன். பன்னிரண்டு எட்டு. மழைக்குள் அவர் வளவின் மூலைக்கு நடக்கவேண்டாம் என்று நான் அனுப்பிய காசில் கட்டியது.